பத்துக்கு எட்டு அறையில் ஹை-ஃபை: வீட்டு அலுவலகத்தில் நல்ல ஒலி அமைப்பு வைப்பது எப்படி?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் ‘ஆபீஸ் ரூம்’ என்று பெயர் வாங்கிய அறை பெரும்பாலும் பத்தடிக்கு எட்டடிதான். ஒரு மேசை, மடிக்கணினி, மூலையில் இரும்பு பீரோ, தலைக்கு மேலே கொலுப் பெட்டியும் பித்தளைப் பாத்திரங்களும் அடைந்து கிடக்கும் பரண், தெருவைப் பார்த்த ஒற்றை ஜன்னல். பக்கத்துக் குடித்தனத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். இதில் ஹை-ஃபை வைக்கப் போகிறேன் என்று சொன்னால், “அதற்கெல்லாம் பெரிய ஹால் வேண்டாமா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

வேண்டாம். ஹாலுக்குக் கிடைக்காத ஒரு சலுகை இந்த அறைக்கு உண்டு. மேசை முன் உட்கார்ந்தால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையே மூன்றடிதான் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில், ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைவிட ஓங்கி நிற்கும். தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி 6 டெசிபெல் (ஒலியின் வலிமையை அளக்கும் அலகு) குறைந்துவிடும். ஹாலில் பத்தடி தள்ளி சோபாவில் இருப்பவர் கேட்பதில் பெரும்பகுதி அவர் வீட்டுச் சுவர்தான். ஒலிப்பதிவுக் கூடங்களில் பொறியாளரின் கைக்கெட்டும் தூரத்தில் சிறிய ஸ்பீக்கர்கள் நிற்பதற்கும் இதுவே காரணம். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த மூன்றடியை நம்பியே சொல்லப்படுகின்றன.

மேசையை முதலில் நகர்த்துங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்து அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 565 என்ற எண்ணை அடிக்கணக்கில் உள்ள நீளத்தால் வகுத்தால், அந்தத் திசையில் அறை எந்த அதிர்வெண்ணில் ‘கும்’ என்று முழங்கும் என்பது ஹெர்ட்ஸில் கிடைக்கும். பத்தடிக்கு 56, எட்டடிக்கு 70. நம் வீடுகளில் ஒரு சிக்கல் என்னவென்றால், கூரையும் பெரும்பாலும் பத்தடி உயரம். நீளமும் உயரமும் ஒன்றாகிப் போவதால் அதே 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளிலும் கூடிக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமோ டோலக்கின் இடக்கையோ சில அடிகளில் மட்டும் அறையையே நிரப்பிவிட்டு, மற்ற அடிகளில் காணாமல் போவதாகத் தோன்றினால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். ராயபுரத்தின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அங்கே கூரை உயரம், தேக்கு உத்தரங்கள் வேறு இருப்பதால் மொட்டையான ஒரே தளமாக இருப்பதில்லை.

மேசையை எட்டடிச் சுவரை ஒட்டிப் போட்டு, பத்தடி நீளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். இரண்டடி அகல மேசையின் முன் உட்கார்ந்தால் உங்கள் தலை முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடியில் வரும். அறை நீளத்தில் அது ஏறக்குறைய 38 சதவீதம். ஸ்டுடியோ அமைப்பவர்கள் உட்காரும் இடத்துக்குத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது இதே அளவைத்தான். அறையின் நட்டநடுவில் அந்த 56 ஹெர்ட்ஸ் ஒலி அடியோடு மறையும். பின்சுவரை ஒட்டினால் அளவுக்கு மீறிப் பெருகும். இரண்டுக்கும் நடுவில் ஓரளவு நியாயமான இடத்தைச் சாதாரண ஒரு மேசை தானாகவே தந்துவிடுகிறது.

மூலையில் மேசையைத் திணிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இடது ஸ்பீக்கர் மூலையில், வலது ஸ்பீக்கர் திறந்த வெளியில் என்று வைத்தால் இடது பக்கம் மட்டும் கனமாகக் கேட்கும். பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காது. இரும்பு பீரோ பக்கவாட்டில் இருந்தால் உங்கள் முதுகுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். தகரக் கதவு, கைப்பிடி, உள்ளே தொங்கும் ஹேங்கர் எல்லாம் பாட்டோடு சேர்ந்து கிணுகிணுக்கும். கதவிடுக்கில் மடித்த அட்டை ஒன்றைச் செருகினால் பாதி அடங்கும். பரணில் இருக்கும் பாத்திரங்களுக்கு இடையில் பழைய துணி வைப்பதும் இதில் சேர்த்தி.

என்ன வாங்குவது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அடங்கிய ஸ்பீக்கர்களை வாங்கலாம். எடிஃபையர் போன்ற நிறுவனங்களின் மேசை ஸ்பீக்கர்கள் இந்த வகை. அல்லது ஸ்பீக்கர் தனி, ஆம்ப்ளிஃபையர் தனி என்று வாங்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மேசையில் இடம் மிச்சம், வயர் குறைவு, எது எதற்குப் பொருந்தும் என்ற ஆராய்ச்சியும் இல்லை. இரண்டாவது வழியில் ஒரு நன்மை உண்டு. ஐந்தாறு வருடம் கழித்து ஆம்ப்ளிஃபையர் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நல்ல ஸ்பீக்கர் அப்படியே நிற்கும். வார்ஃப்டேல், யமஹா, சோனோடைன் பெயர் போட்ட பழைய ஸ்பீக்கர் ஜோடி ஏதாவது உறவினர் வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தால் இரண்டாவது வழியே சரி.

ஸ்பீக்கரில் கனத்த ஒலியைத் தரும் பெரிய வட்டமான வூஃபர் நான்கிலிருந்து ஐந்து அங்குலம் போதும். எட்டு அங்குல வூஃபர் வைத்த பெட்டியை மூன்றடியில் வைத்துக் கேட்டால், வூஃபர் ஓரிடத்திலிருந்தும், மெல்லிய உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் வேறிடத்திலிருந்தும் தனித்தனியாகப் பேசும். இரண்டும் ஒன்றாகக் கலக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். பெட்டியில் காற்றுத் துளை முன்பக்கம் இருப்பதாகவோ, துளையே இல்லாததாகவோ பாருங்கள். பின்பக்கத் துளை உள்ள பெட்டி சுவரை ஒட்டினால் உறுமும். ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால், ஒரு காலுறையைச் சுருட்டித் துளையில் லேசாகச் செருகிப் பார்க்கலாம். அடியொலிக்கென்றே தனியாக வரும் சப்-வூஃபர் வேண்டவே வேண்டாம். பின்னால் இருக்கும் சுவரே சிறிய ஸ்பீக்கருக்குத் தேவையான அடியொலியைக் கூட்டிக் கொடுக்கும். பக்கத்துக் குடித்தனத்துக்குச் சுவர் வழியே போவதும் முதலில் அந்த அடியொலிதான்.

அடுத்து வாட் கணக்கு. பர்மா பஜார் காலத்து டூ-இன்-ஒன் பெட்டிகளின் முகத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் எண் ஒட்டியிருப்பார்கள். அதை யாரும் அளந்து போட்டதில்லை, அச்சடித்துப் போட்டதுதான். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். மூன்றடி என்பதும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். வேலை செய்துகொண்டே கேட்பவருக்குச் சராசரியாக 70, 75 டெசிபெல் தாராளம். அதற்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. திடீரென்று எழும் மேளச் சத்தத்துக்காக 20 டெசிபெல் மேலே இடம் விட்டாலும் பத்து வாட்டுக்குள் அடங்கிவிடும். எனவே பக்கத்துக்கு 20 வாட் உண்மையாகக் கொடுக்கும் ‘டி-வகுப்பு’ என்ற, அதிகம் சூடாகாத வகைச் சிறிய ஆம்ப்ளிஃபையரே அதிகம். நூறு வாட்டுக்குப் பணம் கொடுப்பவர் அந்தத் தொண்ணூறு வாட்டை ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக வயர் இழுப்பதைவிட, டிஜிட்டலை ஒலியாக மாற்றித் தரும் ‘டாக்’ என்ற சிறு கருவியை யு.எஸ்.பி.யில் செருகுவது நல்லது. கிட்டத்தில் உட்காருபவருக்கு, கணினிக்குள்ளிருந்து வரும் ‘உஸ்’ சத்தமும் ‘கிரீச்’ சத்தமும் தூரத்தில் இருப்பவரைவிட நன்றாகக் கேட்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். மேசை ஸ்பீக்கர்கள் பலவற்றில் யு.எஸ்.பி. அல்லது ஆப்டிக்கல் வழியாகத் தரும் வசதி உள்ளேயே இருக்கும். இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். புளூடூத் போதுமா என்றால், வேலை நேரத்துக்குப் போதும். உட்கார்ந்து கேட்க வயர் வழிதான் மேல்.

வயர், வயர் முனையில் மாட்டும் பனானா பிளக், கருவிகளை இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிள் போன்றவற்றுக்கு, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போய் வரலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஸ்பீக்கர் வயருக்கென்று மீட்டருக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். இரண்டு மீட்டர் தூரத்துக்கு, மெல்லிய இழைகள் பல சேர்ந்த 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் எவ்வளவோ போதும்; வீட்டு வயரிங் விற்கும் மின்சாதனக் கடையிலேயே சிவப்பும் கறுப்புமாகக் கிடைக்கும்.

பழையது வாங்குபவர்கள் முன்வலையைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பை விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் என்றால் நல்லது. ஸ்பாஞ்ச் என்றால், நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது ‘கர கர’ என்றால் பெரிய குற்றமில்லை, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். பாட்டே போடாத நேரத்தில் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

எர்த்

இதை அவசரமாகப் படித்துத் தாண்ட வேண்டாம். பழைய வீடுகளில் சுவரில் மூன்று துளைகள் உள்ள பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஆம்ப்ளிஃபையரையோ மடிக்கணினியின் உலோக உடலையோ வெறுங்காலோடு தொட்டால் விறுவிறுவென்று ஏறுகிறதா? எர்த் இல்லை, அல்லது செத்துப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கவனிக்க வேண்டிய விஷயம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இதைப் பாட்டு கேட்பதற்காக என்று சொல்லாதீர்கள். “ஐயா, ஷாக் அடிக்கிறது, வீட்டில் குழந்தை இருக்கிறது” என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

எர்த் சரியாக இருந்தும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வருவது உண்டு. மூன்று முனை சார்ஜர் போட்ட மடிக்கணினி ஓர் இடத்தில், ஆம்ப்ளிஃபையர் வேறோர் இடத்தில் என்று எர்த்தைத் தொடும்போது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் உருவாகி அதில் மின்சாரம் சுற்றும். கண்டுபிடிப்பது எளிது: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் இதுதான் நோய். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். தீரவில்லை என்றால் ஆப்டிக்கல் கேபிளுக்கு மாறுங்கள். கண்ணாடி போன்ற இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. அந்த வசதி இல்லையென்றால் ஆர்.சி.ஏ. வயருக்கு நடுவில் போடும் ஐசொலேட்டர் கிடைக்கும். எர்த் முனையை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சலோடு உங்கள் பாதுகாப்பும் போய்விடும்.

மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சைன் வேவ் வகையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் முனகுவது போலவே, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையரும் முனகும். ஃபேனின் வேகத்தை மாற்றும்போது ஸ்பீக்கரில் சத்தம் மாறினால் ரெகுலேட்டர்தான் காரணம். ஆம்ப்ளிஃபையரை அந்த ஸ்விட்ச் போர்டிலிருந்து பிரித்து வேறு போர்டில் செருகுங்கள்.

மேசையில் வைப்பது

ஸ்பீக்கரை அப்படியே மேசைப் பலகையில் வைத்தால் இரண்டு தொல்லைகள் வரும். பலகை அதிர்ந்து தானும் பாடும். ட்வீட்டர் உங்கள் மார்புக்கு நேராகப் பேசிக்கொண்டிருக்கும், காதுக்கு வர வேண்டிய தெளிவு பாதி மேசையில் தெறித்து வரும். உட்கார்ந்திருக்கும்போது காது பெரும்பாலும் மேசைக்கு மேலே ஓரடி முதல் ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கும். ஓரடி உயர ஸ்பீக்கரின் ட்வீட்டர் ஒன்பது பத்து அங்குலத்தில் இருக்கும். குறைவது நாலைந்து அங்குலம்தான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டிரண்டு செங்கற்களைத் துணியில் சுற்றி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் ஏறக்குறைய ஆறு அங்குலம் கிடைத்துவிடும். சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டும் அருமையான பீடம். அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள் நான்கு வையுங்கள். ஆயிரக்கணக்கில் விற்கும் ‘ஐசொலேஷன் பேட்’ செய்யும் வேலையில் பெரும்பங்கை அவை செய்துவிடும். பூஜை அறைக்குப் பக்கத்து அறை என்றால் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்றடி. ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் அதே அளவு. நூல் பிடித்து அளந்து சமபக்க முக்கோணமாக வையுங்கள். ஸ்பீக்கரின் முகம் கணினித் திரையைவிட ஓர் அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரையின் விளிம்பில் ஒலி மோதும். பிறகு இரண்டையும் உங்கள் பக்கம் திருப்புங்கள். நேராகக் காதைக் குறிவைத்தால் சிலருக்கு ‘ஸ’, ‘ச’ எழுத்துகள் கூராகக் குத்தும். அப்போது முக்கோணத்தின் முனை தலைக்குக் கொஞ்சம் பின்னால் விழும்படி திருப்பத்தைக் குறையுங்கள்.

இணைக்கும் முன் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பிரிந்து நிற்கும் ஒரே ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டால்கூட ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம். எனவே முனையை முறுக்கி விடுங்கள் அல்லது பனானா பிளக் போடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் வயர் மாறிப்போயிருந்தால் அடியொலி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அறை முழுக்க மிதக்கும். வயரில் நிறக் குறி இல்லாத பழைய ஸ்பீக்கர் என்றால், வயரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் முன்னால் குதித்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

அறையை அடக்குவது

நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம் தொடர்ந்து வந்தால், எதிரெதிரே இருக்கும் இரண்டு மொட்டைச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. நீங்கள் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவரைக் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் துணி வேண்டும். ஒட்டிய திரைச்சீலை பலன் தராது, பழைய வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் கனமான திரைத்துணி வாங்கி, சுவர் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் பவானி ஜமுக்காளம். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி அல்லது சுவரில் சாய்த்து நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை. தெர்மாகோலும் முட்டை அட்டையும் ஒட்டாதீர்கள். அடியொலியை அவை தொடக்கூட முடியாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். திரைச்சீலை போட்டால் தெருச் சத்தம் நின்றுவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். வெளிச்சத்தம் வருவது ஜன்னல் இடுக்குகளின் வழியே. அதற்கு ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.

கடைசியாக மிஞ்சும் அந்த 56 ஹெர்ட்ஸ் முழக்கத்தைத் துணியால் தீர்க்க முடியாது. விண்டோஸ் கணினியில், ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்க உதவும் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அந்த அதிர்வெண்ணில் மட்டும் நாலைந்து டெசிபெல் குறையுங்கள். குறைக்கத்தான் வேண்டும். மறைந்துபோகும் ஒலியை ஏற்றி நிரப்ப முயன்றால் ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். அளக்க ஆர்வம் உள்ளவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருளும் இலவசம். காதை நம்புபவர்கள் 1980களின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் வருகிறதா என்று கேட்டால் போதும். தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவும் நல்ல சோதனை. அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பாய் விரித்தது போல் பரவி நிற்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் வரம்பு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் வாரங்களில் தெருவில் அதை யாரும் நினைப்பதில்லை என்பது வேறு கதை. உங்களுக்கு வேண்டியது விதியல்ல, பக்கத்து வீட்டு அக்காவின் அபிப்பிராயம். ஸ்பீக்கரைப் பொதுச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இறக்கும் இன்னோர் அமைப்பைச் சேமித்து வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒருமுறை போய், “அக்கா, இந்த அளவு கேட்கிறதா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். அந்த வால்யூம் குமிழில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அலுவலக வீடியோ அழைப்புகளுக்கு ஸ்பீக்கரைப் பயன்படுத்தாமல் ஹெட்செட்டே போடுங்கள்.

உப்பும் மழையும்

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் காற்று செம்பு முனைகளில் பச்சைக் களிம்பைப் பூசிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா பிளக்குகளையும் கழற்றி, துடைத்து, மறுபடி செருகுங்கள். வயர் முனை கறுத்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கும் புகார்களில் பாதி இதோடு தீரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதிக்கு, வேலை முடிந்ததும் ஒரு பருத்தித் துண்டைப் போர்த்துங்கள். ஆனால் ஆம்ப்ளிஃபையர் சூடாக இருக்கும்போது மூடாதீர்கள், அதன் மேல் கோப்புகளையும் அடுக்காதீர்கள்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் போன்ற தாழ்வான இடங்களில் தரைத்தள வீடு என்றால் எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் கிடத்தவே கூடாது. மேசையின் அடியில் திருகு போட்டு மாட்டிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் ஸ்பீக்கர்களின் அட்டைப் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் பரணில் கைக்கெட்டும்படி வையுங்கள். எச்சரிக்கை வந்தால் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டாக் என்ற வரிசையில் கழற்றிப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடலாம். செங்கற்கள் நனைந்தால் பரவாயில்லை.